மதிமுகம் என்னும் பக்கவிளைவு

திருக்குறளின் காமத்துப்பாலில் 112ஆவது அதிகாரம் ‘நலம் புனைந்துரைத்தல்’. முதுகலை வகுப்பில் அதை நடத்திக்கொண்டிருந்தேன். நிலவு எது, தலைவியின் முகம் எது என்று தெரியாமல் விண்மீன்கள் கலங்கித் திரிவதாகத் தலைவன் சொல்லும் இடம் வந்தது. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. “அம்மா, நம்ம கிளாஸ்லயே ஒரு மதிமுகம் இருக்கு” என்றாள் ஒருத்தி. வகுப்பே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பருவத் தொடக்கத்தில் அவளுக்கு ஒடுங்கிய முகம். மூன்று மாதத்தில் கன்னங்கள் உருண்டு, எதிரில் நின்று பார்த்தால் காதுகள் தெரியாத அளவுக்குப் பருத்துவிட்டன. கையும் காலும் மட்டும் பழைய மெலிவோடு இருந்தன. மாலையில் துறை அறைக்கு வந்தாள். “எனக்கு லூபஸ்ம்மா. மாத்திரையாலதான் மூஞ்சி இப்படி ஆயிருச்சு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு வீட்ல சொல்லியிருக்காங்க” என்றாள். அவள் நீட்டிய மருந்துச் சீட்டில் ப்ரெட்னிசலோன் என்று எழுதியிருந்தது.

அன்றைக்கு அவளுக்கு என்ன ஆறுதல் சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. ஆனால் அதிகாரத்தின் தலைப்பு மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. வள்ளுவர் காலத்தில் ‘நலம்’ என்றால் பெண்ணின் அழகு. இன்று ‘நலமா?’ என்று கேட்டால் உடம்பு சுகமா என்று பொருள். ஒரே சொல் அழகிலிருந்து ஆரோக்கியத்துக்கு நகர்ந்து வந்திருக்கிறது. ஆனால் பெண் விஷயத்தில் நம் வீடுகள் இன்னும் பழைய பொருளில்தான் அந்தச் சொல்லைப் புழங்குகின்றன. அவள் உடம்பு தேறிக்கொண்டிருந்தது. மூட்டு வீக்கம் வடிந்து காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டில் பேச்சு முழுக்க முகத்தைப் பற்றியே இருந்தது.

அடுத்த மாதம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முகம் வடியட்டும் என்று மாத்திரையை நிறுத்தினார்கள். யார் சொல்லி நிறுத்தியது என்பதைக் கடைசிவரை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி. அவசரப் பிரிவில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் உப்புக்கரைசலும் ஏற்றித்தான் மீட்டார்கள்.

என்ன நடந்தது என்பதை அந்த வாரம் தேடிப் படித்தேன். தமிழ் படித்தவளுக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

சிறுநீரகங்களின் தலைமீது தொப்பிபோல் உட்கார்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். அவற்றின் வெளிப்பகுதியான புறணிதான் நம் பேச்சுக்குரிய இடம். அதில் மூன்று அடுக்குகள். வெளியடுக்கில் சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் உடலின் உப்பையும் நீரையும் காக்கிறது. உள்ளடுக்கில் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் சுரக்கின்றன. நடு அடுக்கில் சுரப்பது கார்ட்டிசால். விடிகாலையில் ஏறி நள்ளிரவில் அடங்கும் இந்த ஹார்மோன் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. காய்ச்சல், அடி, அதிர்ச்சி என்று எது வந்தாலும் உடலை நிற்க வைக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஹெச் என்னும் ஹார்மோன் மூலம் சொல்லி அனுப்புகிறது.

ப்ரெட்னிசலோன் இந்தக் கார்ட்டிசாலின் வேலையைச் செய்யும் மாத்திரை. 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோன் ஏறத்தாழ 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் விழுங்குகிறவளின் உடலில், அது தானாகச் சுரப்பதைப்போலப் பல மடங்கு ஓடிக்கொண்டிருக்கும். லூபஸ் நோயில் நம் எதிர்ப்பாற்றல் நம்மையே தாக்குகிறது. அந்தத் தாக்குதலை இந்த மிகுதி அடக்குகிறது. அதற்கு விலையும் உண்டு. கொழுப்பு இடம் மாறி முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் சேர்கிறது. தோல் மெலிகிறது, எலும்பு தேய்கிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன, தூக்கம் கெடுகிறது, தொற்று எளிதில் ஒட்டிக்கொள்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. வெளியிலிருந்து தாராளமாக வருவதைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் உத்தரவை நிறுத்திவிடுகிறது. புறணியின் நடு அடுக்கு வேலையில்லாமல் சுருங்கிப்போகிறது. வாரக்கணக்கில் சாப்பிட்ட மாத்திரையைத் திடீரென்று விட்டால் மருந்தும் இருக்காது, சொந்தச் சுரப்பும் இருக்காது. அந்த நிலையில் உயிர்கூடப் போகலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாக இறக்குகிறார்கள். தூங்கிப்போன சுரப்பி விழித்துக்கொள்ள மாதங்கள் ஆகலாம்.

ஆக, அந்த முகம் அவளுக்கு வந்த கேடு என்று வீடு நினைத்தது. உண்மையில் அந்த முகத்தைத் தந்த மருந்துதான் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மருத்துவத்தின் சொற்களைப் பார்த்தபோது எனக்குள் இருந்த தமிழாசிரியை விழித்துக்கொண்டாள். லூபஸ் என்றால் இலத்தீனில் ஓநாய். அந்நோயில் கன்னங்களிலும் மூக்கின்மீதும் படரும் சிவப்புக்குப் பட்டாம்பூச்சித் தடிப்பு என்று பெயர். சிகிச்சைக்குப் பின் உருண்ட முகத்துக்கு நிலா முகம் என்று பெயர். பிடரியில் திரளும் கொழுப்பு எருமைத் திமில். ஒரு பெண்ணின் கழுத்துக்கு மேலே ஓநாய், பட்டாம்பூச்சி, நிலா, எருமை. உவமை வேண்டாம் என்று தள்ளிவைத்த துறையாக அறிவியலை நினைத்திருந்தேன். நம் பாதாதிகேசப் புலவர்கள் செய்ததையே அதுவும் செய்திருக்கிறது. உறுப்பு உறுப்பாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் உவமை தேடியிருக்கிறது.

தொல்காப்பியம் உவமை தோன்றும் வகைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. உரு என்றால் நிறம். மெய் என்றால் வடிவம். புலவர் நிலவைப் பார்த்தது பெரும்பாலும் ஒளிக்காக. மருத்துவர் பார்த்தது வட்டத்துக்காக. ஒன்று உரு உவமம், மற்றொன்று மெய் உவமம். ஒன்று புகழ்ச்சி, மற்றொன்று அறிகுறி. ஆனால் இரண்டிலும் பேசுகிறவர் எதிரில் நின்று பார்க்கிறவர். முகத்துக்குப் பின்னால் இருப்பவளிடம் அது எப்படி இருக்கிறது என்று கேட்ட உவமை இரண்டிலும் இல்லை. மெய் என்னும் சொல்லுக்கு உடம்பு என்றும் உண்மை என்றும் பொருள் இருக்கிறதே, அந்த மெய்யை யார் சொல்வது?

மருத்துவ வரலாற்றிலும் இதே கதைதான். கார்ட்டிசால் மிகும் நோய்க்குக் குஷிங் நோய்த்தொகுதி என்று பெயர். அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் வெளியிட்ட நூலில் அதன் முதல் விவரிப்பு வருகிறது. அவர் விவரித்த நோயாளி 23 வயதுப் பெண். உடல் பருத்து, மாதவிடாய் நின்று, தேவையற்ற ரோமம் வளர்ந்திருந்த அவளுடைய நிழற்படங்களும் நூலில் உள்ளன. நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. அவளுக்கு மிஞ்சியது மின்னி என்ற முதற்பெயரும் ஜி என்ற ஓரெழுத்தும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கார்ட்டிசோன் முதன்முதலாக முடக்குவாதத்துக்கு ஊசியாகப் போடப்பட்டதும் 29 வயதுப் பெண் ஒருவருக்குத்தான். படுக்கையில் முடங்கிக் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். கர்ப்ப காலத்தில் பெண்களின் மூட்டுவலி தணிவதைக் கவனித்தது பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரை இந்தத் தேடலில் செலுத்திய தடயங்களில் ஒன்று. 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெண்ணுடல்கள் தடயம் தந்தன, சோதனைக்களமாயின. எழுதும் கை மட்டும் வேறாக இருந்தது.

அந்தக் கை ஒரு பெண்ணிடம் இருந்தால் என்ன ஆகும் என்று தேடியபோதுதான் ஃப்ளானரி ஓ’கானரிடம் திரும்பிப் போனேன். அமெரிக்கத் தெற்கின் ஜார்ஜியாவில் 1925இல் பிறந்த சிறுகதையாளர். அவருடைய தந்தை 1941இல் லூபஸால் இறந்தார். அப்போது கார்ட்டிசோன் கிடையாது. மகளுக்கு 1950 டிசம்பரில் அதே நோய் வந்தது. இடைப்பட்ட பத்தாண்டுகளுக்குள் மருந்து வந்திருந்தது. மரணத்தின் விளிம்புவரை போன அவரை ஏசிடிஹெச் மீட்டது. அதன் பிறகு 13 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1964இல் 39ஆவது வயதில் இறந்தார். அவருடைய இரண்டு நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் நூலானது மருந்து கொடுத்த இந்தக் காலத்திலும் அதற்கடுத்த ஆண்டிலும்தான். ஒரு ஹார்மோனுக்கு இலக்கிய வரலாற்றில் இடம் கேட்பதாக இருந்தால் இந்த ஒரு சான்று போதும்.

அவர் மறைந்தபின் 1979இல் வெளிவந்த கடிதத் தொகுப்பான ‘தி ஹாபிட் ஆஃப் பீயிங்’ நூலில் மருந்து ஒரு பாத்திரம்போலவே வந்து போகிறது. அன்றைய ஏசிடிஹெச் பன்றிகளின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுக்கப்பட்டது. இறைச்சிக்கூடத்துப் பன்றிகளால் தான் உயிர்வாழ்வதை அவர் நையாண்டியோடு எழுதுகிறார். தன் ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறார். அதிக அளவு மருந்து உடலையும் மனதையும் படுத்தும் பாடு நோய்க்குச் சளைத்ததல்ல என்று அலுத்துக்கொள்கிறார். 1950களின் நடுவில் இடுப்பெலும்பு கெட்டு ஊன்றுகோல்கள் வந்தபோது அவற்றையும் அதே குரலில் எழுதுகிறார். புலம்பல் இல்லை. நோயைப் புனிதப்படுத்தும் பேச்சும் இல்லை, இத்தனைக்கும் அவர் ஆழ்ந்த கத்தோலிக்கர்.

நோயின் உண்மைப் பெயரை முதலில் அவரிடமே மறைத்திருந்தார்கள். முடக்குவாதம் என்று நம்பியிருந்தவருக்கு 1952இல் தோழி ஒருவர்தான் லூபஸ் என்று சொன்னார். மறைத்தவர் அவருடைய அம்மா. கணவரைக் கொன்ற நோய் மகளுக்கும் என்று சொல்ல எந்தத் தாய்க்கும் நா எழாது. அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் என் மாணவியின் வீட்டில் ‘யாரிடமும் சொல்லாதே’ என்றதும் இதுவும் ஒரு வகையில் ஒன்றே. தன் உடம்புக்கு நேர்ந்ததன் பெயர் ஒரு பெண்ணுக்குக் கடைசியாகப் போய்ச் சேருகிறது, அல்லது அவளிடமிருந்து வெளியே போகாமல் தடுக்கப்படுகிறது.

1953இல் ஓ’கானர் ஓர் ஓவியம் வரைந்தார். தன்னுருவமும், பக்கத்தில் ஃபெஸன்ட் என்னும் கோழியினப் பறவையின் சேவலும். தலையில் மஞ்சள் நிற வைக்கோல் தொப்பி, புனிதர் படங்களின் ஒளிவட்டம்போல. கீழே அகன்ற முகம், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். நோய் கடுமையாகத் தாக்கி ஓய்ந்த நேரம் அது. கார்ட்டிசோனால் முகம் நிலாவாகியிருந்தது, காய்ச்சலால் முடி கொட்டியிருந்தது, படத்தில் உள்ளதுபோலத்தான் அப்போது இருந்தேன் என்று பத்தாண்டு கழித்து ஒரு தோழிக்கு எழுதினார். வரையும்போது கண்ணாடியையும் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை என்று அந்தக் கடிதத்திலேயே சொல்கிறார். இரண்டின் தோற்றமும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ஸ்டீராய்டு சாப்பிடும் பெண்ணுக்குக் கண்ணாடி ஓர் எதிரி. கண்ணாடியில் தெரிவது அவள் பார்வை என்று நினைக்கிறோம். அதில் மாமியார் பார்வை, மாப்பிள்ளை வீட்டார் பார்வை, பேருந்தில் எதிரே உட்கார்ந்தவர் பார்வை எல்லாம் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. கண்ணாடி இல்லாமல் வரைந்தவர் அந்தப் பார்வைகளை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார். அழகாக்கவும் இல்லை, இரக்கம் கேட்கவும் இல்லை. புனைந்துரைக்காத நலம் என்று அந்த ஓவியத்துக்குத் தலைப்பிட எனக்கு ஆசை.

இப்படி வாசிப்பதை ஓ’கானர் ஒப்புக்கொண்டிருப்பாரா? 1960இல் அவருடைய இரண்டாம் நாவலுக்கு டைம் இதழில் வந்த மதிப்புரை அவர் லூபஸையும் இழுத்துப் பேசியபோது கடுங்கோபம் கொண்டார். இலக்கியத்தை எடைபோடும் இடத்தில் தன் நோய்க்கு வேலையில்லை என்பது அவர் வாதம். நியாயமான கோபம். பெண் எழுதினால் அவள் கர்ப்பப்பையிலிருந்து காரணம் தேடுவது நம்மூர் விமர்சனத்துக்கும் பழக்கமானதுதான். அதனால் அவருடைய கதைகளை லூபஸின் விளைவாக நான் படிக்கவில்லை. அவரே வரைந்த ஓவியத்தையும், அவரே எழுதிய கடிதங்களையும் படிக்கிறேன். மதிப்புரைக்காரர் செய்தது அவள் நோயைக் கொண்டு அவளுக்கு விளக்கம் சொல்வது. ஓவியத்தில் அவள் தன் நோயைத் தானே சொல்கிறாள்.

கதைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 1955இல் வந்த ‘குட் கன்ட்ரி பீப்பிள்’ கதையின் ஹல்கா 32 வயதுக்காரி, தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவள், மரக்கால் பொருத்தியவள், இதயநோயாளி. ஜாய், அதாவது மகிழ்ச்சி என்று அம்மா வைத்த பெயரை வேண்டுமென்றே அசிங்கமாக ஒலிக்கும் ஹல்கா என்று மாற்றிக்கொண்டவள். பைபிள் விற்க வந்தவனைத் தான் மயக்கப்போவதாக நினைக்கிறாள். அவனோ வைக்கோற்பரணில் அவள் மரக்காலைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். முனைவர் பட்டம் பெற்றவளான நான் இந்தக் கதையைச் சிரிக்காமலும் படித்ததில்லை, கூசாமலும் படித்ததில்லை. ஊனமுற்ற பெண்ணுக்கு ஓ’கானர் இரக்கச் சலுகை எதுவும் தருவதில்லை. அவள் அகந்தைக்கு இடமுண்டு, ஏமாறவும் இடமுண்டு. நோயாளியை நல்லவளாக்கியே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாத எழுத்து அது. நம் புனைவுகளிலும் திரைப்படங்களிலும் நோயுற்ற பெண் தியாகியாகவோ சுமையாகவோ மட்டுமே வருவதை நினைத்தால் இந்தக் கடுமையின் அருமை புரியும்.

அவரை வழிபாட்டுப் படமாக மாட்டவும் முடியாது. கறுப்பின மக்களைப் பற்றி அவர் கடிதங்களில் இனவெறி வெளிப்படும் இடங்கள் உள்ளன. 2020இல் அமெரிக்காவில் அது பெரிய விவாதமாயிற்று. தன் முகத்தைக் கண்ணாடியின்றிப் பார்க்கத் தெரிந்தவருக்கு இன்னொருவர் முகத்தைப் பழைய பார்வையின்றிப் பார்க்க முடியாமல் போயிருக்கிறது. சாதி ஊறிய சமூகத்திலிருந்து வாசிக்கும் நமக்கு இது புதிதல்ல; மறைக்கத் தக்கதும் அல்ல.

என் மாணவியிடம் வருகிறேன். தேர்வுக்கு முன்பு திரும்பி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, பிறகு பேச்சும் எழவில்லை. மாத்திரை தொடர்ந்தது, நோய் அடங்க அடங்க மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார். எலும்புக்காகக் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்தன. அளவு இறங்கிய மாதங்களில் முகம் மெல்ல வடிந்தது. இதை நற்செய்தியாக எழுதத் தயங்குகிறேன். முகம் பழையபடி திரும்பியதால் அவள் தப்பித்தாள் என்று ஆகிவிடக் கூடாது. முகம் வட்டமாக இருந்த நாளிலேயே அவள் தப்பித்துவிட்டாள்.

லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். முடக்குவாதத்திலும் பெண்களே அதிகம். ஆகவே ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிடுவதும், அதன் முகத்தைச் சுமப்பதும் பெரிதும் பெண்களின் அனுபவம். இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகளில் ஒருத்தியின் பையிலும் அந்தச் சிறு மாத்திரை இருக்கலாம். அவளுக்குச் சொல்ல ஒன்று உண்டு: முகத்துக்காக, யாருக்காகவும், அதை நீயாக நிறுத்தாதே. அளவைக் குறைக்க முடியுமா, வேறு மருந்து உண்டா, எலும்புக்கு என்ன செய்யலாம் என்று மருத்துவரிடம் கேள். கேட்பது உன் உரிமை. காய்ச்சல் வந்தாலும், அறுவைச் சிகிச்சை என்றாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று முதலில் சொல். யாரிடமும் சொல்லாதே என்று வீடு சொல்லும். அந்த நேரத்தில் அதைக் கேட்காதே.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிகளுக்கும் ஒன்று உண்டு. அவள் கன்னத்தைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒரு சொல், அவள் மாத்திரை அட்டையைக் குப்பையில் போடும் கைக்கு வலுவூட்டலாம்.

இப்போதும் ஆண்டுதோறும் அந்த அதிகாரத்தை நடத்துகிறேன். நிலவின் கறை தலைவியின் முகத்தில் உண்டா என்று தலைவன் கேட்கும் குறள் வரும்போது நிறுத்தி, வகுப்பை ஒரு கேள்வி கேட்கிறேன்: பத்துக் குறளிலும் அவள் ஒரு வார்த்தையாவது பேசுகிறாளா? புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள். பிறகு ஓ’கானரின் ஓவியத்தைத் திரையில் காட்டுகிறேன். தொப்பி, சேவல், வட்ட முகம். பின்வரிசையில் யாரும் சிரிப்பதில்லை. அந்த முகம் அவர்களைத் திரும்பிப் பார்க்கிறது என்பது காரணமாக இருக்கலாம்.